அழாத பிள்ளைக்குக் கட்டில்

ஜெசிந்தாவைத் தேள் கொட்டியபோது அவளுக்கு ஆறு வயது. குறுவை அறுப்புக்கு முந்தின நாள். மாட்டுக்கொட்டகையிலிருந்து சாக்கு எடுத்துவரச் சொல்லி அவளை அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் எனக்குள் வேறெதையும்விட அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் ஓரம் எங்கள் ஊர். ஐந்து மா நிலத்தை என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தோம். ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே வரும். மாமனார் இறந்த பிறகு குத்தகையை என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி பெயருக்கு மாற்றிப் பதிந்து வாங்கவில்லை. வருஷா வருஷம் நெல் அளந்து கொடுக்கிறோமே, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார். நிலத்துக்காரர் வீட்டுக் காரியஸ்தர் ஒருநாள் வந்து, "இது எங்க சொந்தச் சாகுபடி, நீங்க கூலிக்கு நிக்கிறவங்கதானே" என்றார். அன்றிலிருந்து ரெவின்யூ கோர்ட்டில் தாவா நடந்துகொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் அப்போது இப்படி நிறைய வழக்குகள். சட்டம் குத்தகைக்காரன் பக்கம் என்று மேடையில் பேசுவார்கள். வயலில் யார் அறுக்கிறாரோ அவர் கையில்தான் நிலம் இருக்கிறது, அதாவது சுவாதீனம் அவருடையது என்று கோர்ட்டில் ஆகிவிடும்.

அன்று காலையில் விவசாய சங்கத்துச் செயலாளர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே பேசினார். "அந்தோணி, நாளைக்குப் போலீஸ் பந்தோபஸ்தோட ஆளை இறக்கப் போறாங்க. விடியறதுக்குள்ள நாம அறுவாள வெச்சிரணும். நீ வரப்புல நிக்கணும். குத்தகைக்காரனே இல்லாம நாங்க அறுத்தா, நெல்லுத் திருட்டுன்னு கேஸ் போட்டுருவான்."

"நிக்கிறேன்" என்றார் இவர்.

அதற்காகத்தான் சாக்கு. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜெசிந்தா ஒரு கையில் சாக்கை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டியபடி வந்தாள். "அம்மா, ஏதோ குத்திருச்சு." வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தினது மாதிரி ஒரு புள்ளி. இவர் சாக்கை உதறினார். சிவப்பாக, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு தேள் விழுந்தது. செருப்பால் அடித்துப்போட்டு, "கருந்தேள் இல்ல, செந்தேள்தான். சின்னது" என்றார். எனக்கும் மூச்சு வந்தது. கருந்தேளுக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். அந்தச் சிவப்புத் தேள்தான் பிள்ளைகளைக் கொல்லக்கூடியது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் அழுதாள், நிறுத்திவிட்டாள். சைக்கிளில் வைத்துப் பக்கத்து ஊர் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அன்று வரவில்லை. கம்பவுண்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்குதா பாப்பா?"

"கொஞ்சூண்டு."

"வலியே இல்லியே. விஷம் ஏறியிருந்தா கூரை பிச்சுக்கிற மாதிரி கத்துவா" என்று சொல்லி, ஒரு ஊசி போட்டு, இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாங்களும் அதையேதான் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, துடைத்துவிட்டு வாசல்படியில் உட்கார வைத்தேன். இன்னொரு தடவை எடுத்தாள். பிறகு சத்தமில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அறுப்பு ஆட்களுக்குச் சோறு வடிக்கிற வேலை.

எதிர்வீட்டு பாத்திமா அக்கா முன்னறையில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில். ஜெசிந்தாவைக் கண்டால் ஒரு கல்கண்டாவது கையில் வைக்காமல் போகமாட்டார். அன்றைக்கும் வைக்க வந்தவர், வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"லூர்து, பிள்ளை கை ஏன்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"இப்பதான் வாந்தி எடுத்துச்சுக்கா."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே, குளிக்க வெச்சியா?"

நான் குளிக்க வைக்கவில்லை. நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது, மழை வருகிற மாதிரி இருந்தது. கவுன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, பிழியலாம் போல வேர்வையில் ஊறியிருந்தது. பாத்திமா அக்கா அதற்குமேல் நிற்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் கொழுந்தனாரைக் கூப்பிடப் போனார். அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது.

என் வீட்டுக்காரர் தயங்கினார். "டவுனுக்குப் போயிட்டு எட்டு மணிக்குள்ள திரும்பிரலாம்ல?" என்று டிரைவர் சீட்டில் இருந்தவரைக் கேட்டார். திரும்பிவிடலாம் என்று அவரும் சொன்னார்.

டவுன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு ஒரு நீள வராந்தா. பெஞ்சிலும் தரையிலும் ஜனம். மழைக்காலக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கொதிக்கிற கஞ்சி கொட்டிக் கை வெந்த ஒரு குழந்தை. டாக்டர் உள்ளே இருந்தார். வெளியே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ், ஐம்பதை நெருங்கின வயது, வரிசையில் நடந்துகொண்டே இருந்தார். கிரேஸ் சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். யாரை முதலில் டாக்டரிடம் அனுப்புவது, யாரை ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவது, யாரைப் படுக்க வைக்கச் சொல்வது என்று முதலில் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். வந்த வரிசைப்படி அவர் அனுப்பவில்லை. அது எனக்குப் புரியாமல், எங்களுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தையை உள்ளே விட்டபோது, "நாங்க முந்தியே வந்தோமே" என்றுகூடச் சொன்னேன்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. முன்னால் கட்சிக்கொடி. கரை போட்ட துண்டு தோளில் கிடக்க ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒன்பது வயதுப் பையன். அவனையும் தேள்தான் கொட்டியிருந்தது, கால் கட்டைவிரலில். அவன் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "வெட்டிருங்கம்மா, வெரல வெட்டிருங்க" என்று கத்தினான். பாவமாக இருந்தது. என் பிள்ளை அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அந்தண்ணனுக்கு ரொம்பப் பெரிய தேளாம்மா?"

சிஸ்டர் பையனிடம் போனார். விரலைப் பார்க்கவில்லை, கொட்டாத காலின் பாதத்தைப் பிடித்தார். நாடியை எண்ணினார். நெற்றியைத் தடவினார். "வாந்தி எடுத்தானா? இல்லையா? சரி. விரலுக்கு மரத்துப்போற ஊசி போடச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் அந்த பெஞ்சுல வெச்சிருந்து பார்ப்போம். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஜெசிந்தாவின் பாதத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. இன்னொரு கையால் கவுனுக்குள் கைவிட்டு முதுகைத் தொட்டார். "எத்தனை தடவை வாந்தி?"

"ரெண்டு. வண்டியில ஒண்ணு."

"எப்ப கொட்டுச்சு?"

"மூணு மணிக்கு."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். "டாக்டர், இங்க கொஞ்சம் வாங்க" என்று கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். சத்தமாகக்கூட இல்லை. ஆனால் டாக்டர் பாதியில் எழுந்து வந்தார்.

டாக்டருக்கு முப்பது வயது இருக்காது. குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். "உள்ள படுக்க வைங்க" என்றார். குழந்தைகள் வார்டில் அன்றைக்கு ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம் என்று ஆயா சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

துண்டு போட்டவர் முன்னால் வந்தார். "என்னங்க நியாயம் இது? எங்க பையன் உயிர் போற மாதிரி துடிக்கிறான், அவனுக்கு பெஞ்சு. ஃபேனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளைக்குக் கட்டிலா?"

அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, ஏனென்றால் நாங்களும் அவர் பக்கம்தான் நின்றோம். என் வீட்டுக்காரர் கையைக் கூப்பி, "எங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வலியே இல்லேங்குது. கட்டில அந்தத் தம்பிக்கே கொடுங்க. ஊசி போட்டு அனுப்புனீங்கன்னா நாங்க போயிருவோம். விடியக்காலையில எனக்கு வயல்ல வேலை" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துச் சொன்னார். "தேள் விஷம் கொட்டின இடத்துலயே நின்னா வலி தாங்க முடியாது. ஆனா உயிருக்கு ஆபத்து கம்மி. விஷம் உடம்பு பூரா போயிட்டா வலி அவ்வளவாத் தெரியாது. ரத்தக் குழாயெல்லாம் இறுகிப்போயிரும். அதான் கை கால் சில்லுன்னு ஆகுது, வேர்க்குது, வாந்தி வருது. இறுகின குழாய்க்குள்ள ரத்தத்தத் தள்ளித் தள்ளி இதயம் களைச்சுப் போகும். களைச்சா நுரையீரல்ல நீர் கோத்துக்கும்."

"இப்ப நல்லாத்தானே இருக்கா" என்றேன் நான்.

"இப்ப நல்லா இருக்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல மூச்சு வாங்கலாம். வாங்காமலும் போகலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா. தெரியாததாலதான் இங்க இருக்கணும்ங்கறேன்."

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பிடித்துக்கொண்டது. டாக்டருக்கே தெரியவில்லை. நாளைக்கு வயலில் என்ன நடக்கும் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். "எழுதிக் கொடுத்துட்டுப் போறேங்க. என் பொறுப்பு" என்றார். ஒரு நோட்டைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் சொல்லியும் கேளாமல் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் தடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் தடுக்கவில்லை. அடுப்பில் பாதி வெந்த சோறு இருந்தது. பிள்ளை, "அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள். தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

பேனாவைக் கையில் எடுத்தவரின் முன்னால் கிரேஸ் சிஸ்டர் வந்து நின்றார். "கையெழுத்துப் போடுங்க, வேணாங்கல. அதுக்கு முந்தி ஒண்ணு செய்யுங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து, கத்திக்கொண்டிருந்த பையனின் பாதத்தில் அவர் உள்ளங்கையை வைத்தார். "எப்படி இருக்கு?"

"சூடா இருக்குங்க."

"இப்ப உங்க பிள்ளை காலைப் பிடிங்க."

ஜெசிந்தாவின் பாதத்தைப் பிடித்தார். அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று கையை மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனார். முழங்காலுக்கு மேலேதான் சூடு இருந்தது. பேனாவை நோட்டின்மேல் வைத்தார்.

துண்டு போட்டவரும் அதோடு அடங்கிவிட்டார். பையனின் அம்மாவிடம் சிஸ்டர் சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொள்வேன். "கத்தட்டும்மா, கத்துற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல. வீட்டுக்குப் போன பிறகு சத்தம் நின்னு வேர்த்துக் கொட்டுச்சுன்னா, தூங்குறான்னு விட்டுராதீங்க. உடனே கொண்டு வந்துருங்க."

கட்டிலில் படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைத் தேள் கடிக்கு அப்போதுதான் புதிதாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்களாம். இறுகின குழாயைத் தளர்த்தும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அது தீர்ந்துபோயிருந்தது. சீட்டை எழுதி இவரிடம் கொடுத்தார்கள். மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கி வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் பிள்ளைக்கு இருமல் தொடங்கிவிட்டது.

முதலில் சின்ன இருமல். பிறகு மார்பு விலா எலும்போடு ஒட்டி ஒட்டி எழும்ப ஆரம்பித்தது. வாயோரத்தில் நுரை வந்தது. துடைத்த துணியைப் பார்த்தேன், வெளிர்ச் சிவப்பாக இருந்தது. ரத்தமா என்று கேட்டேன். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்தார்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றினார்கள். ஜெசிந்தா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பேச மூச்சு இல்லை. அவள் எங்கேயும் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. ஒரு பிள்ளை சாகிறதென்றால் இப்படிச் சத்தமில்லாமலும் நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த நேரத்தில் அம்பாசிடரின் பின்சீட்டில், ஆடுதுறைப் பக்கமோ எங்கேயோ, என் மடியில் கிடந்திருப்பாள். தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

டாக்டர் சாப்பிடப் போகவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. "எழுப்பி உக்கார வைக்காதீங்க, தூக்காதீங்க. அழுத்தம் சட்டுன்னு கீழே இறங்கிரும்" என்று எங்கள் இருவரிடமும் சொல்லி வைத்தார். பிள்ளையைத் தூக்கக் கூடாது என்றால் அம்மாவின் கைக்கு வேறு என்ன வேலை? முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பையனின் அம்மா வீட்டுக்குப் புறப்படும் முன் வார்டுக்குள் வந்து எட்டிப் பார்த்தாள். மகன் அவள் தோளில் விசும்பிக்கொண்டிருந்தான். ஜீப்பிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துவந்து, என் பிள்ளையின் காலில் போர்த்திவிட்டுப் போனாள்.

கிரேஸ் சிஸ்டர் பணிநேரம் முடிந்தும் போகவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கம்பளிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். முழங்கால் என்பார். கொஞ்சம் கழித்து, கெண்டைக்கால் என்பார். சூடு எதுவரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் இருவரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

குத்தாலம் வழியாகப் போகிற முதல் பஸ் விடியற்காலை நாலு மணிக்கு. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தது. நான், "போங்க. நான் இருக்கேன்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நெல்தான் எங்களுக்கு அந்த வருஷம்.

அவர் சிஸ்டரைப் பார்த்தார்.

"கணுக்கால் வரைக்கும் வந்திருக்கு. பாதம் இன்னும் வரல" என்றார் சிஸ்டர்.

இவர் நின்றபடியே இருந்தார். வெளியே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. "பாதம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார்.

பாதம் வந்தபோது மணி ஏழு. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து வைத்தார். விரல்களுக்கு இடையிலெல்லாம் சூடு. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அழுதேன்.

மத்தியானம் பாத்திமா அக்கா ரசம் சாதத்தோடு வந்தார். கூடவே சேதியும் வந்தது. விடிகிற நேரத்தில் இரண்டு வேன் போலீஸ் இறங்கியதாம். காரியஸ்தர் வெளியூர் ஆட்களோடு வந்து, ஒன்பது மணிக்குள் ஐந்து மாவையும் அறுத்து, நெற்கட்டுகளை அப்படியே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். சங்கத்து ஆட்கள் வாய்க்கால் கரையில் நின்று இவரைத் தேடியிருக்கிறார்கள். இவர் இல்லாமல் இறங்க வேண்டாம் என்று செயலாளர் தடுத்துவிட்டார்.

பாத்திமா அக்கா இதைச் சொல்லும்போது இவர் குழாயடியில் பிள்ளையின் கவுனை அலசிக்கொண்டிருந்தார். "சரிக்கா" என்றார். கவுனைப் பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். மறுபடியும் எடுத்து இன்னொரு தடவை அலசினார்.

மீதி நாலு நாளும் ஆஸ்பத்திரி நாட்கள் எல்லோருக்கும் இருக்கிற மாதிரிதான் இருந்தன. மார்பில் ஒயர்களை ஒட்டி, இதயம் எப்படித் துடிக்கிறது என்று காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். இசிஜி என்றார்கள். இதயம் அடிவாங்கியிருக்கிறது, சரியாகிவிடும், ஆனால் ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் ஜெசிந்தா இட்லி கேட்டாள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு சண்டை போட்டாள். ஒவ்வொரு தடவை அவள் இருமும்போதும் நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாக்கு, சாக்கு என்றே மனது சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிரேஸ் சிஸ்டர் தனியாக இருந்தபோது போய் நின்றேன். "அன்னைக்கு உங்ககிட்ட வரிசை அது இதுன்னு பேசிட்டேன் சிஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "போன வருஷம் ஒரு பிள்ளையை நான் வீட்டுக்கு அனுப்புனேம்மா. இதே தேள்தான். வலிக்கலேன்னு சொல்லுச்சு. கூட்டம். எனக்கு டாட்டா காட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே போச்சு." அடுப்பைக் குறைத்தார். "ராத்திரி கொண்டு வந்தாங்க. வாசல்ல வெச்சே பார்த்துட்டேன், உயிர் இல்ல."

ஒரு ஊசியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அதுக்கப்புறம் எல்லாப் பிள்ளை காலையும் தொட்டுப் பார்க்கிறேன். தேவையில்லாம எத்தனையோ பிள்ளைகளைப் படுக்க வெச்சிருக்கேன். மறுநாள் ஒண்ணுமில்லேன்னு எந்திரிச்சுப் போவாங்க. அந்தக் கட்டில் இல்லாம வேற பிள்ளை தரையில படுத்திருக்கும். அதுக்குப் பேச்சும் வாங்கியிருக்கேன். உங்க பிள்ளையும் ஒண்ணுமில்லாமப் போயிருக்கலாம். அப்ப உங்க வீட்டுக்காரர் என்னை என்ன சொல்லியிருப்பார்?"

நான் யோசித்துப் பார்த்தேன். மன்னித்திருக்க மாட்டார். நானும்தான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தோம். எங்கள் வயலில் தாள் மட்டும் நின்றது. அதற்குள் மழை பிடித்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஜெசிந்தா அப்பாவின் தோளில் இருந்தாள். "நாம இல்லாமலே அறுத்துட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார்.

கார் வாடகை என்ன என்று கேட்டதற்கு பாத்திமா அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார். பூசை முடிந்து வந்திருந்தோம். உட்காரச் சொல்லியும் உட்காராமல், அந்த டாக்டர் என்னென்ன பார்த்தார், என்ன மாத்திரை கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டு போனார்.

தாவா மறுவருஷம் தை மாதம் விசாரணைக்கு வந்தது. எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். "வயல்லதான் இருந்தேன், போலீஸ் அடிச்சு விரட்டிருச்சுன்னு சொல்லுங்க அந்தோணி. சங்கத்துல மூணு பேர் சாட்சி சொல்ல ரெடி. அது போதும். இல்லேன்னா கஷ்டம்." இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நானும் கோர்ட்டில் பின்னால் நின்றேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் இவரைக் கேட்டார்: "அறுவடை நடந்த அன்னைக்குக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

இவர் எங்கள் பக்கம் பார்த்தார். "டவுன் ஆஸ்பத்திரியில" என்றார்.

எங்கள் வக்கீல் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப நிலத்துல இல்ல?"

"இல்லீங்க. எம் மகளைத் தேள் கொட்டியிருந்துச்சு."

"உங்க ஆளுங்க யாராவது?"

"நான் இல்லாம அவங்க இறங்கல."

"ஆக, நிலம் உங்க சுவாதீனத்துல இல்ல."

"நான் பிள்ளைகிட்ட இருந்தேங்க" என்றார். விசாரித்த ரெவின்யூ அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு சித்திரையில் வந்தது. எங்களுக்கு எதிராக வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு என்று ஒரு வயல் அமையவில்லை. இவர் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனார். எனக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வேலை கிடைத்து, அதில் குடும்பம் ஓடியது. தீர்ப்பு வந்த அன்றைக்கு இவரை நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் நிலம் மிஞ்சியிருக்குமே, உங்கள் அப்பா சாகுபடி செய்த நிலமாயிற்றே, யார் உங்களைச் சத்தியவான் ஆகச் சொன்னார்கள் என்று கத்தினேன். ஜெசிந்தா பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

இவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"சத்தியமெல்லாம் ஒண்ணுமில்ல லூர்து. கோர்ட்டுக்குப் போற வரைக்கும் பொய் சொல்லலாம்னுதான் இருந்தேன். அங்க கூண்டுல நின்னப்ப இவளைப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி இவ பக்கத்துல நான் இல்லேன்னு எப்படிச் சொல்றது?"